வெள்ளை இரும்பும் ஒரு பூசணிக்காயும்

எனக்கும் என் தாய்மாமனுக்கும் நடந்த சண்டை நகைக்காக நடந்தது என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இன்னும் சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும். நகைக்காகச் சண்டை போட்டவன் என்று பேர் வாங்குவது கொஞ்சம் கௌரவமாகக்கூட இருக்கிறது. நடந்ததைச் சொன்னால் சிரிப்பார்கள். அது அலுமினியத்துக்கும் உருக்குக்கும் நடந்த சண்டை. நான் அலுமினியத்தின் பக்கம் நின்றேன், மாமா உருக்கின் பக்கம் நின்றார். நடுவில் மாமாவின் மகள் மாட்டிக்கொண்டாள்.

எங்கள் குடும்பத்தில் எழுத்து படித்தவன் நான்தான் முதல். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவர்கள். என்னை ஈப்போவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். படிப்பு முடிந்ததும் தோட்டத்துத் துரை என்னை ஸ்டோரில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாகப் போட்டார். மரத்திலிருந்து இறக்கிய பாலை உறைய வைத்து ரப்பர்ச் சீட்டாக அழுத்தும் இடத்துக்குத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பேர். பால் உறையத் திராவகம் ஊற்ற வேண்டும். திராவகம் பட்ட இரும்பு துருவேறும். துரு பட்டால் சீட்டில் கறை விழும். கறை விழுந்த சீட்டைத் துரை என் மூக்குக்கு நேரே பிடித்து ஆட்டுவார். அவர் ஆட்டிக்கொண்டே இருந்த காலத்தில்தான் சீமையிலிருந்து அலுமினியத் தட்டங்கள் வந்து இறங்கின. அதற்குப் பிறகு சீட்டில் கறை இல்லை, என் மூக்குக்கு நேரே எதுவும் ஆடவும் இல்லை. ஓர் உலோகத்தின்மேல் பக்தி வருவதற்கு எனக்கு இது போதுமாக இருந்தது.

அந்தத் தட்டங்களைச் சுற்றி வந்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களைக்கூட நான் வீணாக்கவில்லை. நீவி நீவி வாசித்தேன். ஒரு தாளில் ஆகாயக் கப்பலைப் பற்றிப் போட்டிருந்தது. அதன் எலும்புக்கூடு முழுக்க அலுமினியமாம். தனி அலுமினியம் மெத்தென்று இருக்கும். அதில் செம்பு கொஞ்சம் கலந்தால் கெட்டிப்பட்டுவிடும். இரும்பில் கரி கொஞ்சம் சேர்ந்து உருக்காவதைப் போலத்தான். ஆனால் கனம் உருக்கில் மூன்றில் ஒரு பங்கு. இதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். "ஆகட்டும் கிராணி, ஆகாயத்துல போறப்போ சொல்றோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

மாமா லகாட்டில், லம்பம் என்று அங்கே சொல்லும் ஓர் ஈயச் சுரங்கத்தின் பட்டறையில் சம்மட்டி பிடிக்கிறவர். வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுச் சொந்தமாகவும் ஓர் உலை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வில்லுப்பட்டைகளை உடைத்துப் பாராங் கத்தியும் அரிவாள்மனையும் அடித்துச் சீனத் தோட்டக்காரர்களுக்கு விற்பார். பார்க்க ஆளும் உருக்கு மாதிரியே இருப்பார், கறுப்பாக, விறைப்பாக. அவருடைய மகள் எனக்கு முறைப்பெண். அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி முடித்த சம்பந்தம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தாலி கட்டுவது மட்டும்தான் பாக்கி.

அந்த வருஷம் தீபாவளி கழித்து அம்மாவும் நானும் லகாட்டுக்குப் போனோம். ஈப்போ பசாரில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி வாங்கி, அதற்கு நானே ஒரு சிவப்பு நாடா கட்டி எடுத்துப் போயிருந்தேன். அத்தை அதை ஈயம் பூசிய பித்தளை அண்டா என்று நினைத்துவிட்டார். இடுப்பைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்காகத் தூக்கினார். சட்டி எழும்பிப் போய் அவர் தாடையில் மோதியது.

"ஐயோ, என்னாய்யா இது! காத்தைப் புடிச்சுச் சட்டியாச் செஞ்சு வெச்சிருக்கானுங்க!"

மாமா சட்டியை வாங்கிப் புறங்கையால் தட்டினார். பிறகு காதில் வைத்துப் பார்த்தார்.

"மாப்ளே, இது ஈயந்தானே? நா விடிஞ்சா பொழுதானா ஈய லம்பத்துலதான் நிக்கிறேன். எனக்கே ஈயம் கொண்டாந்து தாரியா?"

"ஈயம் இல்ல மாமா, அலுமினியம்."

"ஈயத்தை வளைச்சா கீச்சுனு அழும். இந்தா, பாரு." விளிம்பைப் பிடித்து வளைத்தார். அழவில்லை. வளைந்தது வளைந்தபடியே நின்றது. "அழல. ஊமை ஈயம்."

நான் விட்டிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் போனவனிடம் ஒரு பொருளின் பேரைத் தப்பாகச் சொன்னால் அவனுக்குக் கை அரிக்கும். துரு பிடிக்காது என்றேன். அடுப்பில் வைத்தால் சூடு சட்டென்று எல்லாப் பக்கமும் பரவும் என்றேன். இரும்பில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான் என்றேன்.

"கனமில்லாததெல்லாம் ஒரு பெருமையா?" என்றார் மாமா. "காத்தடிச்சா சட்டியைத் தேடிக்கிட்டு ரோட்டுல ஓடணும்லா."

சண்டை அன்றைக்கு அதோடு நின்றது. வளர்ந்தது அடுத்த தடவை போனபோது. அந்தச் சட்டி கறுத்துப் போய் அடுப்பங்கரை மூலையில் கிடந்தது.

"மாப்ளே, ஒங்க சட்டிக்கு ஏதோ நோவு" என்றார் அத்தை. "தொலக்கத் தொலக்கக் கறுக்குது. நானும் விடல, இன்னும் கொஞ்சம் சாம்பலைப் போட்டு, ஈரமாக்கி, ராவெல்லாம் ஊற வெச்சுத் தேய்க்கிறேன். மேலெல்லாம் பொரிப் பொரியா வருது."

"ஐயோ அத்தை, சாம்பலுக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. சாம்பத் தண்ணி அதை அரிச்சுத் தின்னுரும்."

திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமா நிமிர்ந்தார். "சாம்பலுக்கே பயப்படுற சாமானா? இந்தக் கோழையையா தூக்கிட்டு வந்தே? என் கத்தியை அடுப்புச் சாம்பல், ஒலைச் சாம்பல், எதுல வேணா போட்டுத் தேய்க்கச் சொல்லு. ஒன்னும் ஆகாது."

"புளித் தண்ணி ஊத்துங்க மாமா" என்றேன். "ஒங்க கத்தி அரை நாழியில கறுத்துரும். எலுமிச்சம்பழம் அறுத்தாலே கறுக்கும். அந்த வாடை கொழம்புல அடிக்கும்."

"அப்போ என் கத்தி மட்டமா?"

"சமையலுக்கு மட்டந்தான் மாமா."

இதைச் சொன்னது நான்தான் என்று எனக்கே அப்போது நம்பிக்கை வரவில்லை. அம்மா என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள், ஆனால் சொல் வெளியே போய்விட்டது. அத்தை பாக்கு வெட்டுவதை நிறுத்தினார். மாமா எழுந்து நின்றார்.

"சமையல்னா வெட்டணுமா வேணாமா? சொல்லு. நீ படிச்சவன். சரி, ஒன் வெள்ளை இரும்புல ஒரு அரிவாமனை செய்யி. அது ஒரு பூசணிக்காயை ரெண்டா வெட்டட்டும். அன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்குவோம். வெட்டலையா? அக்கா, நீ கோவிச்சுக்காத. பீடோர்ல ஒரு பையன் கேக்குறான். ரயிலு ரோட்டுல வேலை. காலுக்குக் கீழ பூராவும் உருக்கு."

உள்ளே அடுப்பங்கரையில் ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மாமன் மகள் அங்கேதான் இருந்தாள். வேண்டுமென்றே போட்டாளா, கை தவறிப் போட்டாளா என்று தெரியவில்லை. சத்தத்தை வைத்துப் பார்த்தால் பித்தளைக் கரண்டி.

ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஒரே பேச்சாக வந்தாள். "வாயை மூடிக்கிட்டு வடையைத் தின்னிருந்தா இந்நேரம் நாள் குறிச்சிருப்போம். எழுத்துக் கூட்டத் தெரிஞ்சாப் போதும், அதுக்கு மேல வேணாம்னு ஒங்கப்பன்கிட்ட அப்பவே சொன்னேன். அந்த மனுசன் கேட்டாரா? அந்தப் புள்ளை ஒன்னையே நெனச்சுக்கிட்டு இருக்கு. நீ சட்டியை நெனச்சுக்கிட்டு இருக்க."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை நான் அலுமினியம் தோற்றுவிடுமே என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளை இழந்துவிடுவேன் என்பது ஆற்றுப் பாலத்தின் மேல் ரயில் தடதடத்தபோதுதான் மண்டையில் ஏறியது. அவள் சின்ன வயதிலிருந்து என்னை மச்சான் என்று கூப்பிடும் விதம் ஒன்று உண்டு. அதே சொல்லை ரயில் ரோட்டுக்காரனின் தங்கச்சியோ தம்பியோ அவளிடமிருந்து கேட்கப் போகிறார்கள் என்று கற்பனை செய்து, அதில் உறவுமுறை சரியாக வரவில்லை என்று திருத்தி, அதற்குள் ஈப்போ வந்துவிட்டது.

சட்டி செய்கிற தனி அலுமினியத்தில் கத்தி அடித்தால் வெண்ணெய்கூட அதை வளைத்துவிடும். எனக்குச் செம்பு கலந்தது வேண்டும். ஆகாயக் கப்பல் ஒன்று எங்கள் தோட்டத்தில் வந்து விழுந்தால் நன்றாக இருக்கும். விழவில்லை. ஆனால் துரையின் மோட்டார் கார் மதகுக் கல்லில் ஏறி இறங்கி, இஞ்சினின் அடிப்பெட்டி விரிசல் விட்டுவிட்டது. ஈப்போவிலிருந்து வந்த சீன மெக்கானிக் புதுப் பெட்டியை மாட்டிவிட்டுப் பழையதை ஸ்டோருக்குப் பின்னால் எறிந்துவிட்டுப் போனார். அது வெள்ளையாக இருந்தது. தூக்கினால் லேசாக இருந்தது. ஆணியால் கீறினால் சட்டியைப்போலக் குழையவில்லை. செம்பு கலந்ததுதான் என்று அந்த மெக்கானிக்கே சொன்னார். எடுத்துக்கொள்ளலாமா என்று கண்ணீர் முட்டத் துரையைக் கேட்டேன். என் கண்ணீர் அவருக்கு விளங்கவில்லை. கார்மேல் எனக்கு அவ்வளவு பிரியமா என்று வியந்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கிளம்பினோம். சண்டை என்றால் அப்பாவுக்கு ஆகாது. ஆட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று லயத்திலேயே தங்கிவிட்டார். நான் சாக்கில் இஞ்சின் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அம்மா மடியில் பூசணிக்காய். கல் மாதிரி கெட்டித் தோலோடு இருந்த அதை அம்மா தானே தேர்ந்தெடுத்திருந்தாள்.

"ஏம்மா, பிஞ்சாப் பாத்து வாங்கக் கூடாதா?" என்றேன்.

"கூட்டுக்கு முத்தல்தான் ருசி" என்றாள். என் வாழ்க்கை அதற்குள் இருந்தது அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது.

மாமா சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரி, கொண்டா. நானே அடிச்சுத் தாரேன். அப்புறம் மாமன் பட்டறை சரியில்ல, ஒல சரியில்லன்னு கதை சொல்லக் கூடாது பாரு."

பெட்டியின் ஒரு பாதியைச் சம்மட்டியால் உடைத்து எடுத்தார். அது வளையாமல் பீங்கான் போல முறிந்தது. அதைப் பார்த்து எனக்கு லேசாக வியர்த்தது. மாமா துண்டை உலைக்குள் செருகி, துருத்தியை என் கையில் கொடுத்தார். நான் ஊதினேன். அவர் இடுக்கியோடு குனிந்து நின்று நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். உருக்கு அடிக்கிறவர்கள் சூட்டை நிறத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். கருஞ்சிவப்பு வந்தால் இன்னும் கொஞ்சம், பழச்சிவப்பு வந்தால் எடு, மஞ்சளுக்குப் போனால் போச்சு. மாமா வாழ்நாள் முழுக்க அந்தக் கணக்கிலேயே நின்றவர். அலுமினியமோ நிறம் மாறுவதற்கு முன்பே உருகிவிடும். அது எனக்கும் தெரியாது. நான் வாசித்த தாள் ஆகாயக் கப்பல் கதையோடு கிழிந்துபோயிருந்தது, உருகுவதைப் பற்றிய பாகம் என் கைக்கு வரவில்லை.

"செவக்க மாட்டேங்குது" என்றார் மாமா. "ஊது."

ஊதினேன்.

"என்னாடா இது, வெள்ளையாவே நிக்குது. சோம்பேறி இரும்பு. ஊதுலா!"

கை கழன்றுவிடும்போல ஊதினேன். துண்டின் மேல் லேசாக ஒரு நடுக்கம் தெரிந்தது. மாமா, "ஆ, வருது, வருது, இப்ப செவக்கும் பாரு" என்று இடுக்கியால் அதைத் தொட்டார். தொட்டதும் அது பாலாடைபோலச் சுருங்கி, கரிகளின் இடுக்குகளில் இறங்கிக் காணாமல் போய்விட்டது. இடுக்கியின் வாயில் ஒன்றுமே இல்லை. மாமா இடுக்கியைத் திறந்து மூடிப் பார்த்தார். உலைக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கடா?"

"உருகிருச்சு மாமா."

"செவக்காம எப்படிடா உருகும்? ஒரு மானம் மரியாதை வேணாம்? செவந்து, மஞ்சளாகி, பொறி விட்டு, அப்புறந்தானே உருகணும்?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போன சொந்தக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. சற்று நேரத்தில் வருத்தம் போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது. இடுக்கியைக் கீழே போட்டார். "முடிஞ்சது. கத்தியும் இல்ல, வெட்டும் இல்ல. அக்கா, பூசணிக்காயைக் கொண்டு போயி கூட்டு வெய்யி."

"நீங்கதானே உருக்குனீங்க!" என்றேன். "நெருப்புல வெச்சு மறந்தா சோறுந்தான் கருகும். அதுக்கு அரிசியா குத்தம்?"

"நானா மறந்தேன்? கண்ணு இமைக்காம பாத்துக்கிட்டு நின்னேன்டா!"

"தம்பி, நீ ஒரு பேச்சுல நில்லு" என்று அம்மா குறுக்கே வந்தாள். "கத்தி செஞ்சு வெட்டிப் பாப்போம்னுதானே சொன்ன? கத்தியே செய்யலையே. செய்யாத கத்தி எப்படித் தோக்கும்?"

"செய்ய முடிஞ்சாத்தானே அக்கா! அடிக்க விடாத சாமானை நா என்னா பண்ண?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அத்தை எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து, எடுப்பாரில்லாமல் தானே குடித்தார். அப்போது அடுப்பங்கரை வாசலிலிருந்து மாமன் மகள் சொன்னாள்.

"உருகுதுன்னா ஊத்தலாமேப்பா."

எல்லோரும் திரும்பினோம்.

"சின்னப்புள்ளையில நாங்க பண்ணுவோம்ல. லம்பத்துல கெடக்குற ஈயத்துண்டைத் தகரத்துல காச்சி, மண்ணுல குழி பண்ணி ஊத்துனா மீனு, ஆமை எல்லாம் வரும். இதையும் அப்படி ஊத்துனா என்னா?"

லகாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பொம்மை விளையாட்டு. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை. மாமா அவளை முறைத்தார்.

"நீ யாரு பக்கம்டி?"

"நா பூசணிக்காய் பக்கம்பா. பசிக்குதுல்ல."

ஈயம் எடுத்தபின் கொட்டிவிட்ட வெள்ளை மணலுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. அவள் அத்தையின் அரிவாள்மனையிலிருந்து உருக்குக் கத்தியைக் கழற்றி, மணலை லேசாக நனைத்துக் கெட்டித்து, அதில் கத்தியை அழுத்தி எடுத்தாள். அச்சு விழுந்தது. மாமா பெட்டியின் மிச்சப் பாதியை ஓர் இரும்புச் சட்டியில் போட்டு உலையில் வைத்தார். இப்போது அவருக்கு நெருப்பின் நிறத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் நின்றார், பழக்கம் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் சட்டிக்குள் அலுமினியம் பாதரசம்போல மின்னிக்கொண்டு ததும்பியது. சட்டி சட்டியாகவே இருந்தது.

"பாத்தியா?" என்றார். "ஒன் ஆளு தண்ணியா நிக்கிறான். என் ஆளு அசையல. அதே நெருப்புதான்டா ரெண்டு பேருக்கும்."

அந்த ஒரு விஷயத்தில் மாமாவின் கட்சிதான் சரி.

ஊற்றினோம். மணல் கொஞ்சம் சீறியது. ஆறியதும் தோண்டி எடுத்தால், அரிவாள்மனைக் கத்தி ஒன்று, முயல்குட்டிபோல வெள்ளையாக, தடியாக வந்தது. நான் கையில் வாங்கினேன். கனமே இல்லை. எனக்குக் கண் கலங்கியது. மாமா அதைப் பிடுங்கிக் கூர் வைக்க அரத்தை எடுத்தார். நாலு இழுப்பு இழுத்ததும் அரம் வழுக்கியது. திருப்பிப் பார்த்தால் அரத்தின் பற்களெல்லாம் வெள்ளைப் பசை.

"என் அரத்துப் பல்லெல்லாம் ஈறுவரைக்கும் அடைச்சு வெச்சிருக்குடா ஒன் சனியன்!" ஒரு கம்பியை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகக் குத்தி எடுத்தார். பிறகு சாணைக்கல்லில் வைத்துப் பார்த்தார். பொறியே பறக்கவில்லை. சாணை பிடிக்கும்போது பொறி பறக்காத ஒரு பொருளை அவர் அதற்குமுன் கண்டதில்லை. சக்கரத்தை நிறுத்தினார், சுற்றினார், மறுபடி நிறுத்தினார். "உசுரு இருக்கா இல்லையானே தெரியலையே" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை கத்தியின்மேல் கொஞ்சம் திருநீறு போட்டார். சாம்பல் ஆகாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

எப்படியோ ஒரு கூர் வந்தது. பலகையில் மாட்டியாயிற்று. முற்றத்தில் பாய் போட்டு அரிவாள்மனையை நடுவில் வைத்தார்கள். பக்கத்தில் பூசணிக்காய். அக்கம்பக்கத்துச் சீனக் குடும்பம் ஒன்று என்ன பூசை என்று பார்க்க வேலிமேல் சாய்ந்து நின்றது.

"வெட்டு மாப்ளே" என்றார் மாமா.

நான் அதுவரை அரிவாள்மனையில் உட்கார்ந்ததில்லை. எந்தக் காலை மடிப்பது, எதை நீட்டுவது என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மாமன் மகள் வந்து, "தள்ளுங்க மச்சான்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு, பலகையின்மேல் காலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பூசணிக்காயைத் தூக்கிக் கத்தியில் வைத்து அழுத்தினாள்.

கத்தி தோலில் இறங்கியது. ஒரு விரல் அகலம் போனது. அங்கே நின்றுவிட்டது. அவள் காயை முன்னும் பின்னும் ஆட்டினாள். கத்தி காயோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, கள் குடித்தவன் மாதிரி நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது.

"வளையுது பாரு! வளையுது!" மாமா குதித்தார். "என் கத்தின்னா கொக்கு மாதிரி நிக்கும்!"

"வளைஞ்சாலும் திரும்பி நிமிந்துரும் மாமா. அலுமினியம் உருக்கைவிட மூணு மடங்கு வளையும். அது அதோட குணம். அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு..."

"பேரு வெக்கிறதுக்கு அது என்ன கொழந்தையா? வெட்டுமா வெட்டாதா?"

அவள் நிறுத்தினாள். நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். எரிச்சலும் இருந்தது அந்தப் பார்வையில். இந்த ஆளுக்காக இவ்வளவு பாடா என்பதுபோல. பிறகு பல்லைக் கடித்து, காயை இரண்டு கையாலும் பிடித்து, தன் முழு பாரத்தையும் கொடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

படார் என்று ஒரு சத்தம். பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி அத்தையின் மடியில் விழுந்தது. கத்தியும் அடியோடு முறிந்து இன்னொரு பாதிக்குள் குத்திக்கொண்டு நின்றது. வேலிப்பக்கத்தில் சீனக் குடும்பம் கை தட்டியது.

"ஒடஞ்சிருச்சு! கத்தி ஒடஞ்சிருச்சு!" என்றார் மாமா.

"வெட்டிருச்சு! காய் ரெண்டாயிருச்சு!" என்றேன் நான்.

"கத்தி மொதல்ல ஒடஞ்சுது. அப்புறம் இவ கைவேகத்துல காய் பொளந்துது. அது கணக்குல சேராது."

"காய் மொதல்ல பொளந்துது மாமா. வெட்டி முடிச்ச பெறகு கத்தி ஒடஞ்சா என்ன, ஒடையாட்டி என்ன?"

"சத்தம் ஒன்னுதானேடா கேட்டுது!"

"ஆமா, ஒன்னுதான் கேட்டுது."

இதில் இருவருமே ஒத்துப்போய்விட்டோம். அதனால் சண்டை மேலே நகரவில்லை. அத்தையைக் கேட்டால், அந்த நேரம் கண்ணை மூடியிருந்தேன் என்றார். அம்மா, தன் தம்பி மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வேலிப்பக்கம் திரும்பி மலாயில் கேட்டேன். அவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடியும் கை தட்டினார்கள்.

"காய்தான் மொதல்ல" என்றாள் மாமன் மகள்.

அவள் இன்னும் பலகைமேல்தான் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் பூசணி விதை. அப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நாந்தானேப்பா வெட்டுனேன். என் கைக்குத் தெரியாதா? காய் பொளந்துச்சு, அப்புறந்தான் கத்தி போச்சு."

அவள் அப்படி அப்பாவிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து, உண்மையில் எது முதலில் என்று அவளைக் கேட்டேன். "கத்திதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். நான்தான் விடியும்வரை விழித்துக் கிடந்தேன், அலுமினியத்துக்காக.

ஆனால் அன்று மாமா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, காய்க்குள் குத்தி நின்ற முறிந்த கத்தியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். வந்தது. முறிந்த வாயைத் தடவிப் பார்த்தார். உள்ளே மணல்மணலாக வெள்ளையாக மின்னியது.

"கூரு வெச்சது நாந்தான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "நான் கூரு வெச்சா மண்ணாங்கட்டிகூட வெட்டும்."

"அதைத்தான் நானும் சொல்றேன் தம்பி" என்றாள் அம்மா சட்டென்று. "ஒன் கைராசிதான்."

அத்தை மடியில் கிடந்த பாதியைத் தூக்கிக்கொண்டு, பேசி முடியட்டும் என்று காத்திராமல், உரிக்க உள்ளே போய்விட்டார். மாமன் மகளும் எழுந்து மிச்சப் பாதியோடு பின்னாலேயே போனாள். வாசலில் ஒரு நொடி நின்று, "சாப்புட்டுத்தான் போவணும் மச்சான்" என்றாள்.

மாமா பாயில் உட்கார்ந்தார். தலையைச் சொறிந்தார்.

"வெத்தல பாக்கு இருக்கா அக்கா?"

அம்மா இடுப்பிலிருந்து ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்தாள். கல்யாணத்துக்கே போதுமான அளவு வெற்றிலை இருந்தது. பூசணிக்காயை முத்தலாகப் பார்த்து வாங்கிய அதே கடையில் அதையும் வாங்கி, எனக்குத் தெரியாமல் செருகி வைத்திருக்கிறாள்.

"அது சரி" என்றார் மாமா, வெற்றிலையை வாங்கிக்கொண்டே. "பீடோர் பையன் வீட்டுக்கு நான் என்னான்னு சொல்லி அனுப்புறது?"

"பூசணிக்காய் ஒடஞ்சிருச்சுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

மாமா சொன்ன சொல் தவறாதவர். அப்படியே சொல்லி அனுப்பினாராம். பீடோரில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ, அங்கேயிருந்து ஒரு பதிலும் வரவில்லை.